வெந்நீரில் வளர்ந்த மூத்தவன்

என் மாமியார் இறந்த பிறகு, அவர் வேலை பார்த்த கடல் ஆய்வுக்கூடத்திலிருந்து ஓர் இரங்கல் குறிப்பு வந்தது. கடலடி வெந்நீர் ஊற்றுகளை ஆராய்ந்தவர், மூன்று முறை ஆழ்கடலுக்குள் இறங்கியவர், எல்லோரிடமும் இனிமையாகப் பழகியவர் என்று நல்லவிதமாகத்தான் எழுதியிருந்தார்கள். மூத்தவனைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. மரியாதை கருதி விட்டிருப்பார்கள். என் மனைவி அதைப் படித்துவிட்டுத் தாளை மடித்து என்னிடம் நீட்டினாள்.

"எங்கண்ணனக் காணோமே," என்றாள்.

அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

மூத்தவன் யார் என்று எனக்குத் தெரியவந்த நாளிலிருந்து தொடங்குகிறேன். எங்கள் கல்யாணப் பேச்சுக்காக என் அப்பாவும் அம்மாவும் முதல்முறையாக அந்த வீட்டுக்கு வந்திருந்தார்கள். அப்பா மண்ணில் உழைக்கிறவர். நான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகுதான் அவரே கையெழுத்துப் போடப் பழகினார். எங்கள் குடும்பத்தில் மட்டுமல்ல, எங்கள் தெருவிலேயே பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அந்தப் பெருமை எனக்கு உண்டு, மறைப்பதற்கில்லை. அப்பாவுக்கு அது என்னைவிட அதிகம். நாற்காலி நுனியில் உட்கார்ந்தபடி, "பையன் இன்ஜினியர். காகித ஆலையில பாய்லர் பூரா இவன் பொறுப்புதான்" என்று கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போது மாமா, அதாவது என் மாமனார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அத்தையிடம் கேட்டார்.

"ஏம்மா, மூத்தவனுக்குக் காத்து மாத்தணுமே, போகலயா?"

"காலையிலயே போய் மாத்திட்டுத்தான் வந்தேன்."

அப்பாவின் முகம் மாறிவிட்டது. கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்தார்.

"ஒரே பொண்ணுன்னு சொன்னீங்களே சம்பந்தி. மூத்த பையன் ஒருத்தர் இருக்காரா? உடம்புக்கு முடியலயா? ஆஸ்பத்திரியிலயா வெச்சிருக்கீங்க?"

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். "உடம்புக்கு ஒண்ணும் இல்ல சம்பந்தி, கல்லு மாதிரி இருக்கான். காத்தக் குடிச்சே வளர்றான். எங்க வீட்லயே செலவு வெக்காத புள்ள அவன் ஒருத்தன்தான்."

"எங்கண்ணன், மாமா," என்று என் அப்பாவிடம் சொன்னாள் என் மனைவி, அன்றைக்கு இன்னும் மனைவியாகாதவள். "எனக்கு முன்னாடியே இந்த வீட்டுக்கு வந்துட்டான். அம்மாவுக்கு அவன்தான் செல்லம்." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அதைச் சொல்லும்போது அவள் தன் அம்மாவின் பக்கம் திரும்பவில்லை என்பதை நான் கவனித்தேன்.

அத்தைதான் அப்பாவுக்கு விளக்கினார். "அது கண்ணுக்குத் தெரியாத ஒரு உயிர், சம்பந்தி. கடலுக்கு அடியில, ரொம்ப ஆழத்துல, பாறை வெடிப்புலேருந்து கொதிக்கக் கொதிக்கத் தண்ணி வரும். அங்கேருந்து எடுத்துட்டு வந்து ஆய்வுக்கூடத்துல வளக்குறேன்."

"கொதிக்கிற தண்ணியில எது பொழைக்கும்?"

"இவன் பொழைப்பான். ஆற வெச்சாதான் வளரமாட்டான்."

அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். "கடலுக்கு அடியில நீங்களே போனீங்களா? நீச்சல் தெரியுமா?"

"தெரியாது சம்பந்தி."

வீடு திரும்பும்போது பேருந்தில் அப்பா சொன்ன முடிவு இதுதான்: "படிச்ச குடும்பம். பொண்ணு நல்ல பொண்ணு. ஆனா அந்தம்மாவுக்கு நெஞ்சழுத்தம் ஜாஸ்திடா. நீச்சல் தெரியாம கடலுக்குள்ள போயிருக்கு பாரு."

அவர் சொன்னது சரி. அத்தை முதன்முறை இறங்கியபோது கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை. மூன்று பேர் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்காரும் அளவுக்கு ஓர் உலோக உருண்டை. அதில் அடைத்து, கப்பலிலிருந்து இறக்குவார்கள். கொஞ்ச தூரத்திலேயே வெளிச்சம் போய்விடும். அதன்பிறகு இருட்டுக்குள் மணிக்கணக்காக இறக்கம்தான். அடியில் கடல் தண்ணீர் பாறைக்குள் புகுந்து, பூமியின் உள்சூட்டில் வெந்து, உலோகங்களைக் கரைத்துக்கொண்டு மேலே பீறிடும். வெளியே இருக்கும் குளிர்ந்த நீரில் பட்டதும் கரைந்ததெல்லாம் கறுப்புத் துகளாகப் பிரிந்து, புகைபோக்கி மாதிரி உயர உயரக் கட்டிக்கொண்டே போகும். விளக்குப் போட்டுப் பார்த்தால், கடலடியில் ஏதோ ஆலை ஓடுகிற மாதிரி கறுப்புப் புகை தெரியுமாம். "உங்க காகித ஆலைய விட அதிகம், மாப்பிள்ளை," என்பார்.

அங்கே சூரியன் கிடையாது. செடி கிடையாது. ஆனாலும் உயிர் இருக்கிறது. பாறையும் வெந்நீரும் சேரும்போது வருகிற ஹைட்ரஜனையும், நீரில் கரைந்த கரியமில வாயுவையும் மட்டும் தின்று வாழும் நுண்ணுயிர்கள் உண்டு. பூமி பிறந்த புதிதில், செடி கொடி எதுவும் வராத காலத்தில், முதல் உயிர் இப்படிப்பட்ட ஓர் இடத்தில்தான், இப்படிப்பட்ட ஒரு பிழைப்பைத்தான் பிழைத்திருக்க வேண்டும் என்று நம்புகிற விஞ்ஞானிகளில் அத்தையும் ஒருவர். அவர் கொண்டுவந்த உயிரின் மரபணு எழுத்துகளைப் படித்துப் பார்த்தபோது, அது யாருக்கும் நெருங்கிய சொந்தமாக இல்லை. உயிர்களின் வம்ச மரத்தில் வேருக்குப் பக்கத்திலேயே தனியாக ஒரு கிளையாக நின்றது. அத்தையின் பெயர் வெளிநாட்டு ஆய்விதழ்களில் எல்லாம் வந்தது அப்போதுதான்.

"அப்போ நம்ம எல்லாருக்கும் மூத்தவன்னு சொல்லு," என்றாராம் மாமா. அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

மூத்தவனைப் பிடித்து வந்த கதையை அத்தை எங்கே பேசினாலும் சொல்வார். எனக்கும் கல்யாணமான புதிதிலேயே சொன்னார். நான் இன்ஜினியர் என்பதால் ரசிப்பேன் என்று நினைத்திருப்பார், ரசிக்கத்தான் செய்தேன். ஊற்று நீரைப் பிடிக்கும் புட்டிகளின் மூடியில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அது சரியாகப் பொருந்தினால்தான் வழியில் வேறு நீர் உள்ளே கசியாது. புட்டிகளை எல்லாம் நீராவியில் வேகவைத்துச் சுத்தம் செய்து தயாராக வைத்திருந்தார்கள். அன்றைக்குப் பார்த்துக் கப்பல் மேல்தளத்தில் குளிர்காற்று. வளையமெல்லாம் விறைத்துக்கொண்டு மூடியில் உட்காரவே மாட்டேன் என்றது. தலைமை விஞ்ஞானி, இன்றைக்கு இறங்க வேண்டாம் என்று கையை உதறிவிட்டார்.

"எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு யோசனை. வளையத்த எல்லாம் ஒரு பாத்திரத்துல போட்டு நேரா கப்பல் சமையலறைக்குப் போனேன். அங்க பெரிய வெந்நீர் பாய்லர் ஒண்ணு ஓடிட்டே இருக்கும். கொதிக்கக் கொதிக்கப் பிடிச்சு ஊற வெச்சேன். சமையல்காரர் எட்டிப் பார்த்து, 'என்னம்மா, இன்னிக்கு ரப்பர் சூப்பா?'ன்னாரு. எடுத்தா கொழந்த காது மாதிரி மெத்துன்னு ஆயிடுச்சு. கையோட மூடியில மாட்டி, உருண்டைக்குள்ள ஏறிட்டேன்."

'ரப்பர் சூப்பா' என்ற இடத்தில் அவையே சிரிக்குமாம். அத்தை அதற்கென்று ஒரு நொடி நிறுத்திவிட்டு, பிறகு தொடர்வார். தற்பெருமை பேசியே பழகாதவர். இந்த ஒரு கதையில் மட்டும் முகத்தில் அது எட்டிப்பார்க்கும்.

மூத்தவன் ஆய்வுக்கூடத்து ஓவனுக்குள், ரப்பர் மூடி போட்ட தடித்த கண்ணாடிப் புட்டிகளில் வாழ்ந்தான். அவன் நீர் கொதிநிலைக்குக் கொஞ்சம் கீழே எப்போதும் சூடாக இருக்க வேண்டும். வெளிக்காற்றில் அவன் வளரமாட்டான். மூடி வழியே ஊசி குத்தி, அவன் தின்றது போக மிஞ்சிய வாயுவை எடுத்துவிட்டுப் புதிதாக ஹைட்ரஜனும் கரியமில வாயுவும் நிரப்ப வேண்டும். இதைத்தான் வீட்டில் காத்து மாத்துவது என்பார்கள். விடுமுறை நாளிலும் ஒருவர் போய்ச் செய்தாக வேண்டும். உறைய வைத்துப் பாதுகாக்கப் பார்த்தபோதெல்லாம் அவன் திரும்பப் பிழைக்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் அத்தைக்கு 'அடுப்புக்காரி' என்று பட்டப்பெயர். மாமாவின் அக்கா அதைக் கேள்விப்பட்டுவிட்டு, "வீட்டு அடுப்புப் பக்கம் தல காட்டாதவ, கடலுக்கடியில போயில்ல அடுப்பு தேடியிருக்கா" என்று சொந்தபந்தம் முழுக்கச் சொல்லிச் சிரித்தாராம்.

மாமா பள்ளிக்கூட வாத்தியார். மகளுக்குத் தலை பின்னிவிட்டதும், காய்ச்சலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததும் அவர்தான். என் மனைவியின் சின்ன வயசுப் புகைப்படங்களில் எல்லாம் இரட்டைப் பின்னல் ஒன்று காதுக்கு மேலேயும் ஒன்று தோளிலுமாக இருக்கும். அவள் பாட்டுப் போட்டியில் மேடையேறிய அன்று அத்தை பின் வரிசையில் வந்து உட்கார்ந்தார். இவள் பாட ஆரம்பிக்கும் முன்பே கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டார். "எத்தன தடவ கேட்டிருக்கேன் தெரியுமாங்க? 'கொஞ்சம் இரு கண்ணு, அண்ணனுக்குக் காத்து மாத்திட்டு வந்துடறேன்'. ஒருநாள் நானே போய் அந்த ஓவன் சுவிட்ச அணைச்சுடலாம்னு கூட இருந்துச்சு," என்று சொல்லியிருக்கிறாள்.

அத்தை அதன்பிறகு இரண்டு முறை அந்தக் கடலுக்குப் போனார். மூத்தவனின் சொந்தக்காரர்கள் ஒருவரையாவது பிடித்துவர வேண்டும் என்பதுதான் நோக்கம். அந்த இரண்டில் முதல் பயணத்தில் ஊற்றே இல்லை. புகைபோக்கி இடிந்து, நீர் வருவது நின்று, பாறை குளிர்ந்து கிடந்ததாம். கடலடி ஊற்றுகள் அப்படித்தான், ஒரு நாள் அடங்கிவிடும். அடுத்த பயணத்தில் அக்கம்பக்கத்து ஊற்றுகளை எல்லாம் சலித்துப் பார்த்தார். மூத்தவன் எங்கும் இல்லை. உலகத்தில் வேறு யாருக்கும் அவன் கிடைக்கவும் இல்லை. 'அந்தம்மா ஓவன்ல மட்டும்தான் இருக்கு அந்த உயிரு' என்று கருத்தரங்குகளில் காதுபடவே பேசினார்கள்.

"அவன் அந்த ஒரு ஊற்றுக்காரன்," என்பார் அத்தை. "ஊற்று செத்துப்போச்சு. இவன் மட்டும் மிச்சம்."

அதற்குப் பிறகு அவரால் ஒரு நாள்கூட வெளியூரில் நிம்மதியாகத் தங்க முடிந்ததில்லை. அவன் போனால் அந்த வம்சமே போய்விடும் அல்லவா?

மாமா மருத்துவமனையில் இருந்தபோது கடைசி நாட்களில் ஆட்களை அடையாளம் தெரியவில்லை. என் மனைவியைத் தன் அக்கா என்று நினைத்துக்கொண்டு பேசினார். ஒருநாள் அத்தை உள்ளே போனதும் தெளிவாகக் கண்ணைத் திறந்து, "மூத்தவனுக்குக் காத்து மாத்துனியாம்மா?" என்றார். அத்தை மாத்திட்டேங்க என்று சொன்னார். அதன்பிறகு மாமா பேசவில்லை. அன்றைக்கு அத்தை ஆய்வுக்கூடத்துக்குப் போகவே இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். வேறொருத்தி போய் மாற்றியிருந்தாள்.

அந்த வேறொருத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அத்தையிடம் ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த பெண். மாமா இருந்தபோது அவளுக்குச் சின்னவள் என்று பெயர் வைத்திருந்தார். அவளுடைய படிப்பு முழுக்க மூத்தவன்மேல்தான். மறுபடி ஒரு கப்பல் புறப்பட இருந்தது. அத்தை ஓய்வுபெறும் வயதில் இருந்ததால் சின்னவளின் பெயரைக் கொடுத்திருந்தார்கள். அவள் போய் மூத்தவனின் சொந்தத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். அத்தை தன் பழைய கம்பளிச் சட்டையை அவளுக்காக அலமாரியிலிருந்து எடுத்து வெயிலில் காயப்போட்டது எனக்கு நினைவிருக்கிறது.

மாமா போன மறு வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டில் சாப்பாடு. எனக்கு ஆலையில் ஒரு தலைவலி. யாரிடமாவது புலம்ப வேண்டும் போல இருந்தது.

"வெந்நீர்ச் சுற்றுக் குழாய்ல என்னமோ சளி மாதிரி படியுது அத்தை. மருந்து ஊத்திக் கழுவினாலும் திரும்ப வருது. அந்தச் சூட்டுல அது எப்படித்தான் இருக்கோ."

"சாப்பிடும்போதுதான் சளியப் பத்திப் பேசணுமா?" என்றாள் என் மனைவி.

அத்தை சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். "எவ்ளோ சூடு மாப்பிள்ளை?"

சொன்னேன்.

"உள்ள வெளிக்காத்து போகுமா?"

"மூடின சுற்று அத்தை. காத்து போனா இரும்பு துருப்பிடிச்சுடுமே."

"காத்து போகாட்டியும் இரும்ப அந்தத் தண்ணி கொஞ்சங் கொஞ்சமா அரிக்கும். அரிச்சா ஹைட்ரஜன் வரும்." இதை அவர் எனக்குச் சொல்லவில்லை, தட்டைப் பார்த்துச் சொன்னார். எழுந்து போய்க் கை கழுவினார். துடைத்துக்கொண்டே, "எனக்குக் கொஞ்சம் எடுத்துட்டு வர முடியுமா?" என்றார்.

எனக்கு ஒரே சந்தோஷம். என் பாய்லர் சளிக்கு ஒரு விஞ்ஞானியின் ஓவனில் இடமா! அவர் கொடுத்த புட்டியில், அவர் சொன்ன மாதிரியே காற்றுப் படாமல் பிடித்துக் கொடுத்தேன். சில வாரம் கழித்து மறுபடி கேட்டார். "உங்களோட படிச்சவங்க வேற எங்கல்லாம் பாய்லர் பாக்குறாங்க?" ஒருவன் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில், ஒருவன் பெரிய ஓட்டலில், ஒருவன் பயணிகள் கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில். எல்லோரிடமும் சொல்லிப் புட்டி புட்டியாகச் சுமந்து வந்தேன். அத்தை ஓய்வுபெறும் நேரத்தில் புதிதாக ஏதோ பெரிய வேலையில் இறங்கிவிட்டார் என்று நினைத்து அப்பாவுக்குப் போன் செய்தேன். "அத்தையோட ஆராய்ச்சியில நானும் இருக்கேன்பா." அப்பா அதையும் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்.

பிறகு ஒருநாள் எங்களை ஆய்வுக்கூடத்துக்கு வரச் சொன்னார். என் மனைவி அந்த அறைக்கு வந்து பல வருடம் ஆகியிருந்தது. ஒரு பக்கம் மேசை, அதன்மேல் வாயு உருளைகளிலிருந்து வரும் மெல்லிய செப்புக் குழாய்கள், மூலையில் ஓவன். கதவின் பூச்சு கைபட்ட இடத்தில் தேய்ந்து உலோகம் தெரிந்தது. சின்னவள் ஓவனுக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவள் அழுது முடித்திருந்தாள் என்பது பார்த்தாலே தெரிந்தது.

அத்தை சுற்றி வளைக்கவில்லை.

"மூத்தவன் கடல்லேருந்து வரல," என்றார். "மாப்பிள்ளை கொண்டுவந்த புட்டியில எல்லாம் அவன் இருக்கான். ஆலையில இருக்கான், ஆஸ்பத்திரியில இருக்கான், ஓட்டல்ல இருக்கான். மரபணு எழுத்து ஒண்ணு ரெண்டுதான் மாறுது. மூடின வெந்நீர்க் குழாய் எங்க இருக்கோ அங்கல்லாம் இருக்கான் போல. அதுல யாரும் இந்த மாதிரி தேடிப் பாத்ததில்ல, அவ்ளோதான்."

"அப்போ இங்க இருக்கிறவன் எப்படி வந்தான்?" என்றாள் மகள்.

எனக்குத்தான் முதலில் உறைத்தது. ரப்பர் வளையம். சமையலறை பாய்லர். கொதிக்கக் கொதிக்கப் பிடித்து ஊற வைத்த தண்ணீர். வேறு எந்தக் கிருமியாக இருந்தாலும் அந்தச் சூட்டில் செத்திருக்கும். சூட்டிலேயே வாழ்கிறவன் சாகவில்லை. வேகவைத்துச் சுத்தம் செய்த புட்டியின் வாயில் அவனை மாட்டி, கையோடு கடலடி வரை கூட்டிக்கொண்டு போய், அங்கிருந்து கிடைத்தவன் என்று நினைத்துக் கூட்டி வந்திருக்கிறார்.

சின்னவள் விடவில்லை. "மேடம், பாய்லர்ல இருக்கிறதோட மூதாதை கடல்லேருந்து வந்திருக்கலாம்ல? நம்ம ஊற்றுலயும் இருந்திருக்கலாம்ல?"

"இருக்கலாம்மா. ஆனா நான் ரெண்டு தடவ போய்த் தேடினேன், அங்க கெடைக்கல. இங்க தேடாமலே கெடைக்குது."

"நான் போய் இன்னொரு தடவ பாக்குறேன் மேடம். அதுவரைக்கும் சொல்லாதீங்க. என் படிப்பு பூரா இவன்மேலதான் இருக்கு. இப்ப சொன்னா எனக்குக் கப்பலும் இல்ல, பட்டமும் இல்ல."

"சொல்லாம விட்டா நீ போற வேலையே பொய்யாயிடுமே. அங்க இல்லாத ஒண்ணத் தேடி உன்ன எப்படி நான் கடலுக்குள்ள எறக்குவேன்?"

சின்னவள் எழுந்து வெளியே போனாள். கதவைச் சாத்தக்கூட இல்லை.

என் மனைவிக்குக் கோபம் வந்துவிட்டது. யார்மேல் கோபம் என்று அவளுக்கே தெரிந்திருக்காது. "இன்னும் கொஞ்ச நாள்ல ரிட்டயர் ஆகப்போற. யாரும்மா கேக்கப்போறா உன்கிட்ட? அந்தப் பொண்ணு பாவம் இல்லயா? அப்பா இவன எப்படிக் கொண்டாடினாரு! ஊர்பூராச் சொல்லிச் சொல்லி..."

"அப்பா பாக்காமப் போனதுதான் ஒரே நிம்மதி," என்றார் அத்தை.

"அப்போ என்னை விட்டுட்டு விட்டுட்டு வந்தியே, எதுக்கும்மா? பாய்லர் தண்ணிக்கா?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்குப் புரிந்தது. அத்தை ஓவன் கதவின் கைப்பிடியை ஒரு துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அதில் தூசி எதுவும் இல்லை.

"ஆமா கண்ணு," என்றார். "பாய்லர் தண்ணிக்குத்தான்."

ஆய்வுக்கூடத்தின் கருத்தரங்க அறையில் அத்தையே எழுந்து நின்று சொன்னார். நான் விடுப்பு எடுத்துக்கொண்டு போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ரப்பர் வளையக் கதையை முதலிலிருந்து, எப்போதும் சொல்கிற அதே வரிசையில் சொன்னார். குளிர்காற்று, கையை உதறிய தலைமை விஞ்ஞானி, சமையலறை. 'என்னம்மா, இன்னிக்கு ரப்பர் சூப்பா?' என்று சொல்லிவிட்டு, பழக்கத்தில் ஒரு நொடி நிறுத்தினார். யாரும் சிரிக்கவில்லை. எங்கோ ஒரு நாற்காலி நகரும் சத்தம் மட்டும் கேட்டது. அத்தை தொண்டையைச் செருமிக்கொண்டு மிச்சத்தைச் சொன்னார்.

முடிந்ததும் இயக்குநர் அருகில் வந்து, "இவ்ளோ அவசரம் தேவையா மேடம்? நாங்களும் கொஞ்சம் யோசிச்சிருப்போமே" என்றார். ஆய்விதழ்களிலிருந்து கட்டுரைகளைத் திரும்பப் பெறுகிற வேலையையும் அத்தையே ஒவ்வொன்றாகச் செய்தார். கப்பல் வேறு வேலைக்குப் புறப்பட்டது. சின்னவள் வேறோர் இடத்துக்குப் போய், வேறொன்றை எடுத்து, முதலிலிருந்து ஆரம்பித்தாள். கம்பளிச் சட்டையை அத்தையின் மேசையில் மடித்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். அதன்பிறகு அவள் அத்தையிடம் பேசவே இல்லை, துக்கத்துக்கும் வரவில்லை. அவளைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அடுப்புக்காரி என்று கூப்பிட்டவர்கள் 'பாய்லரம்மா' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். முதல் பெயரில் இருந்த செல்லம் இரண்டாவதில் இல்லை.

என் ஆலையில் அந்தக் குழாய்களுக்கு வேறு மருந்து வரவழைத்துக் கழுவினோம். கழுவிய அன்று நான் அந்தப் பக்கம் போகவில்லை.

அத்தை ஓய்வுபெற்ற அன்று மதியம், அவருடைய சாமான்களை எடுத்துவர நானும் மனைவியும் போனோம். இரண்டே அட்டைப்பெட்டி. மேசையைத் துடைத்தாகிவிட்டது. வாயு உருளைகளை மறுநாள் எடுத்துப் போவதாகச் சொல்லியிருந்தார்கள். ஓவன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த அறையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். இந்தப் புட்டிகள் இனி யாருக்கும் தேவையில்லை.

"உயிர் அந்த மாதிரி எடத்துலதான் பொறந்திருக்கும்னு இப்பவும் நம்புறேன் மாப்பிள்ளை," என்றார் அத்தை திடீரென்று. "என் சாட்சிதான் பொய்ச்சாட்சி ஆயிடுச்சு. வேற யாராவது நல்ல சாட்சியாக் கொண்டு வருவாங்க."

சொல்லிவிட்டு, சுவிட்சின்மேல் கை வைத்தார். வைத்த கை அப்படியே நின்றது.

"இதுல என்ன இருக்கு," என்று தனக்கே சொல்லிக்கொண்டார். "அவன் ஒண்ணும் அழிஞ்சிடப் போறதில்ல. எல்லா பாய்லர்லயும் இருக்கான்."

"அது வேறம்மா," என்றாள் என் மனைவி. "இவன்தான் எங்கண்ணன்."

அத்தை திரும்பி அவளைப் பார்த்தார். அவள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு ஓவனுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். சின்ன வயதில் அணைத்துவிட நினைத்த அதே சுவிட்ச்.

"கடைசியா ஒரு தடவ காத்து மாத்திட்டு அணைக்கலாமாம்மா? அப்பா கேட்டாருல்ல."

மாமா கேட்ட அன்று அத்தை மாற்றியிருக்கவில்லை. அவர் தலையாட்டினார். தடித்த கையுறையை எடுத்து மகளுக்கு மாட்டிவிட்டார். புட்டியை எப்படிப் பிடிப்பது, ஊசியை மூடியின் நடுவில் எப்படிச் சாய்க்காமல் இறக்குவது என்று பின்னாலிருந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக் காட்டினார். "மெதுவா கண்ணு. அவசரப்படாத. போதும்... போதும்." அவள் தலை பின்னியிருந்த இடத்தில் அவர் முகவாய் உரசிக்கொண்டிருந்தது. எல்லாப் புட்டிகளையும் அப்படியே மாற்றி, திரும்ப உள்ளே வைத்து, கதவைச் சாத்தினார்கள். என் மனைவிதான் சுவிட்சை அணைத்தாள்.

ஓவனின் உறுமல் நின்றதும்தான் அந்த அறையில் இத்தனை காலம் அப்படி ஒரு சத்தம் இருந்ததே தெரிந்தது.

அத்தை முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கதவில் உள்ளங்கையை வைத்தபடி உட்கார்ந்துவிட்டார். கிளம்பலாமா என்று நாங்கள் கேட்கவில்லை. மகள் தரையில் அவர் காலடியில் உட்கார்ந்தாள். வெளியே நடைக்கூடத்தில் ஆட்கள் வீட்டுக்குக் கிளம்பிப் போகிற பேச்சும் சிரிப்பும் கேட்டு அடங்கின. காவலாளி சாவிக்கொத்தோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

ரொம்ப நேரம் கழித்து அத்தை கையை எடுத்தார்.

"மாப்பிள்ளை, நீங்க தொட்டுப் பாருங்க. எனக்குக் கை மரத்துப்போச்சு, தெரியல. ஆறிடுச்சா?"

தொட்டுப் பார்த்தேன். மேசையின் இரும்புக் காலைத் தொடுகிற மாதிரி இருந்தது. இன்னும் இல்லை என்று சொல்லிவிடலாம் போல வாய்வரைக்கும் வந்தது. சொன்னால் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார். ஆனால் அவரிடம் போய் அதைச் சொல்ல முடியவில்லை.

"ஆறிடுச்சு, அத்தை."

"சரி," என்றார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "வாங்க, பூட்டிடலாம்."